ஆட்டிசமுள்ள மாணவருக்கு எந்தத் தொழில்நுட்பம்: பட அட்டையா, பேசும் செயலியா, கற்பிக்கும் செயலியா?

ஆட்டிசமுள்ள குழந்தைக்கு எந்தச் செயலி நல்லது என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும்போது, அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. தனக்கு வேண்டியதையும் வேண்டாததையும் குழந்தை பிறரிடம் சொல்வதற்கு எது உதவும் என்பது ஒன்று. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு பதற்றமில்லாமல் நாளைக் கடப்பதற்கு எது உதவும் என்பது இன்னொன்று. பாடத்தையும் அன்றாடத் திறன்களையும் கற்பதற்கு எது உதவும் என்பது மூன்றாவது. செயலிகளின் பட்டியலில் மூன்றும் அடுத்தடுத்து நிற்பதால், வண்ணமும் இசையுமாக எழுத்துக் கற்றுத்தரும் ஒரு செயலியும், பேச்சு வராத குழந்தைக்குக் குரலாக இருக்கும் ஒரு செயலியும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்பதுபோலத் தோன்றிவிடுகிறது. ஒப்பிட வேண்டியது ஒரே தேவையை நிறைவேற்றும் கருவிகளைத்தான். தேவைகளுக்குள் எது முந்தியது என்று கேட்டால், கருத்தைத் தெரிவிக்கும் வழிதான் முந்தியது என்று தயங்காமல் சொல்வேன்.

கருவியைத் தேர்வதற்கு ஜாய் ஜபாலா என்ற கல்வியாளர் 1990களில் வகுத்துத் தந்த 'செட்' என்னும் வரிசைமுறை இன்றும் சிறப்பாசிரியர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது. மாணவரால் என்ன முடிகிறது, எதில் தடுமாறுகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும்; பிறகு அவர் இருக்கும் சூழலை; பிறகு அந்தச் சூழலில் அவர் செய்ய வேண்டிய பணிகளை; கருவியைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். நடைமுறையில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. யாரோ பரிந்துரைத்த டேப்லெட் முதலில் வாங்கப்படுகிறது. அதில் எதைப் போடுவது என்ற யோசனை அதற்குப் பின்னால் வருகிறது.

ஆட்டிசமுள்ள குழந்தைகளில் சுமார் 30 விழுக்காட்டினர் பள்ளி வயதை எட்டிய பிறகும் மிகக் குறைவாகவே பேசுகிறார்கள் அல்லது பேசுவதே இல்லை என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் மதிப்பீடு. இவர்களுக்குச் சைகை, பட அட்டை, படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லைக் குரலில் ஒலிக்கும் பேசும் கருவி என்ற வழிகள் இருக்கின்றன. சைகைக்கு எந்தப் பொருளும் தேவையில்லை, அது எங்கும் கூடவே வரும் என்பது பெரிய வசதிதான். ஆனால் விரல்களை நுணுக்கமாக அசைப்பதும் பிறர் அசைவைப் பார்த்துத் திரும்பச் செய்வதும் ஆட்டிசமுள்ள பல குழந்தைகளுக்குக் கடினமாக இருக்கின்றன; சைகை தெரியாதவரிடம் அது எடுபடுவதும் இல்லை. ஒருசில சைகைகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். முழுவதும் அதையே நம்புவதென்றால் குடும்பமும் பள்ளியும் சேர்ந்து கற்றாக வேண்டும். ஆகவே பெரும்பாலோருக்குத் தேர்வு, பட அட்டைக்கும் பேசும் கருவிக்கும் இடையில்தான்.

பட அட்டைகளைக் கொண்டு செயல்படும் முறைகளில் நன்கு அறியப்பட்டது 'பெக்ஸ்'. ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகிய இருவரும் 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இதை உருவாக்கினார்கள். ஆறு கட்டங்கள் கொண்ட இந்த முறையின் முதல் கட்டத்தைக் கூர்ந்து பார்த்தாலே இதன் வலிமை விளங்கிவிடும். குழந்தைக்கு எதிரே ஒருவர், அது விரும்பும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். குழந்தைக்குப் பின்னால் இன்னொருவர் இருப்பார். பொருளை நோக்கிக் குழந்தை கை நீட்டும் அந்த நொடியில், பின்னால் இருப்பவர் கையை மெல்லத் திருப்பி, இடையில் கிடக்கும் அட்டையை எடுக்கவைத்து, எதிரே இருப்பவரின் உள்ளங்கையில் வைக்கவைப்பார். அட்டை கைக்கு வந்ததும் எதிரே இருப்பவர் பொருளின் பெயரைச் சொல்லி, அதை உடனே கொடுத்துவிடுவார். 'என்ன வேண்டும்?' என்று யாரும் கேட்பதில்லை. யாராவது கேட்டால் மட்டும் பதில் தருவது என்ற பழக்கம் படியாமல், தானாகவே ஒருவரை நாடிப் போய்ச் சொல்வது என்ற பழக்கம் தொடக்கத்திலேயே ஊன்றப்படுகிறது. பிந்திய கட்டங்களில் அட்டையை எடுத்துக்கொண்டு தொலைவில் இருப்பவரிடம் நடந்து செல்வது, பல அட்டைகளில் சரியானதைத் தெரிந்தெடுப்பது, அட்டைகளை வாக்கியமாக அடுக்குவது, கேள்விக்குப் பதில் தருவது, கண்டதைப் பற்றிக் கருத்துச் சொல்வது என்று முறை விரிகிறது.

இதன் குறையும் அட்டையிலேயே இருக்கிறது. குழந்தை எதைச் சொல்லலாம் என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து அச்சிட்டுவிடுகிறார்கள். அட்டைகளைச் சேர்த்துவைக்கும் கோப்புகள் பலவற்றைப் புரட்டினால் தின்பண்டங்களும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்திருக்கும். 'நிறுத்து', 'வலிக்கிறது', 'எனக்குப் பிடிக்கவில்லை', 'இன்னும்', 'வேறு' ஆகியவற்றுக்கு ஓர் அட்டைகூட இருக்காது. கேட்டு வாங்குவதோடு பயிற்சி நின்றுவிடுவதும், கருத்துச் சொல்லும் ஆறாம் கட்டம் எட்டப்படாமலே போவதும் அடிக்கடி நடக்கின்றன. சொற்கள் நூறைத் தாண்டினால் கோப்பு கனத்துவிடும். அட்டையைத் தேடி எடுப்பதற்குள் சொல்ல வந்த தருணம் கடந்துவிடும்.

பேசும் கருவியில் இந்த எல்லை இல்லை. ஐபேட் 2010இல் சந்தைக்கு வருவதற்கு முன்பு, இந்தப் பணிக்கென்றே செய்யப்பட்ட தனிக் கருவிகள்தான் பெரும்பாலும் இருந்தன. அவற்றின் ஒலிபெருக்கி உரக்கப் பேசும், உடல் உறுதியானது, வேறு எதுவும் அதில் ஓடாது. ஆனால் விலை மிக அதிகம், பழுதானால் மாற்றுக் கிடைக்கக் காலமாகும். 2009இல் வெளிவந்த புரோலோகோ2கோ, அதன் பின்னர் வந்த அவாஸ் போன்ற செயலிகள் இதே வேலையைச் சாதாரண டேப்லெட்டுக்குக் கொண்டுவந்தன. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு, கண்ணசைவாலோ ஒற்றைப் பொத்தானாலோ இயக்க வேண்டிய உடல் தடை இருந்தாலொழிய, தனிக் கருவியைத் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அட்டையைப் பிறர் திரும்பிப் பார்த்தால்தான் செய்தி போய்ச் சேரும். குரலோ, முதுகு காட்டி நிற்பவருக்கும், அடுத்த அறையில் இருப்பவருக்கும், வகுப்பு முழுவதற்கும் கேட்கும். 'போதும்' என்று குழந்தை தட்டியதும் அறையில் இருப்பவர்கள் உண்மையிலேயே நிறுத்துகிறார்கள் என்பதை அது கண்டுகொள்ளும்போது, கத்துவதற்கும் கடிப்பதற்கும் இருந்த தேவை குறையத் தொடங்குகிறது.

கருவி பேசிக்கொடுத்தால் குழந்தை பேசவே முயலாதே என்ற அச்சம் பெற்றோரிடம் ஆழமாக இருக்கிறது; சில மருத்துவர்களிடமும் இருக்கிறது. இதற்கு விடை தேடி மில்லர், லைட், ஷ்லாசர் ஆகிய மூவரும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட மறுஆய்வில், வளர்ச்சிக் குறைபாடு உள்ள 27 பேரைப் பற்றிய நம்பத்தக்க தரவுகள் கிடைத்தன. அவர்களில் 89 விழுக்காட்டினரின் பேச்சு கூடியிருந்தது, மற்றவர்களிடம் மாற்றமில்லை, ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. கூடிய அளவு பலருக்குச் சிறிதுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கருவி கொடுத்தால் பேச்சு வந்துவிடும் என்று யாரும் வாக்களிக்க முடியாது. கோனி கசாரி தலைமையில் 2014இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. ஐந்து முதல் எட்டு வயது வரையிலான, மிகக் குறைவாகப் பேசும் 61 குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியே மொழிப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சியோடு தொடக்கம் முதலே பேசும் கருவியையும் பெற்றவர்கள், தாமாகவே முன்வந்து சொல்லும் சொற்களில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். கருவியை இடையில் சேர்த்ததைவிடத் தொடக்கத்திலேயே கொடுத்தது கூடுதல் பலன் தந்தது. 'முதலில் அட்டையில் தேறட்டும், பிறகு செயலிக்குப் போகலாம்' என்று ஏணிப்படிபோல வரிசை வைத்துக் காத்திருக்கும் வழக்கத்தை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் எல்லாப் பேசும் செயலிகளும் ஒன்றல்ல. தேர்வில் கவனமாகப் பார்க்க வேண்டியது இங்கேதான். அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி சில நூறு பொதுச் சொற்களால் ஆனது. 'வா', 'போ', 'வேண்டும்', 'வேண்டாம்', 'இது', 'எங்கே', 'நான்', 'நீ' போன்றவை அவை. இவை முதல் திரையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய இடத்திலேயே நிலையாக இருக்க வேண்டும். தட்டச்சுப் பழகியவர் எழுத்தைத் தேடாமல் விரலை வைப்பதுபோல, குழந்தையும் சில காலத்தில் படத்தைப் பார்க்காமலே கை போகும் வழியை மனத்தில் பதித்துக்கொள்கிறது. புதிய சொற்களைச் சேர்க்கும்போதெல்லாம் பழைய படங்கள் இடம் மாறும் செயலியில் இது நடக்காது. தொடக்கத்தில் திரையில் சொல்லுக்கு ஒன்றாக எட்டுப் பெரிய கட்டங்கள் கொடுத்து, பிறகு பதினைந்து, பிறகு அறுபது என்று பெருக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் குழந்தை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். முழுக் கட்டங்களையும் வைத்துக்கொண்டு, இப்போது தேவைப்படாதவற்றை மறைத்துவைக்கும் வசதி இருக்கும் செயலியே மேலானது.

வீட்டு மொழியில் பேசுவதும் அதே அளவு முக்கியம். தமிழ்க் குரல் இருக்கிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. ஆங்கில அமைப்பின் மீது தமிழ்ச் சொற்களை ஒட்டிய செயலியில் 'நான்', 'வேண்டும்', 'தண்ணீர்' என்று தட்டினால் வேற்றுமை உருபு ஏதுமில்லாத துண்டுகள்தான் ஒலிக்கும். 'எனக்கு', 'என்னோட' போன்ற வடிவங்களையும், வீட்டில் சொல்லும் உறவுப் பெயர்களையும், பேச்சு வழக்கில் புழங்கும் வினைகளையும் தனிக் கட்டங்களாகச் சேர்க்க முடிகிறதா, பெற்றோர் தம் குரலிலேயே பதிவு செய்ய முடிகிறதா என்று வாங்குவதற்கு முன்பு சோதித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், பெரியவர்கள் அதே திரையைத் தொட்டுப் பேசிக் காட்டாவிட்டால் கருவி மேசையில்தான் கிடக்கும். 'வெளியே போகலாம்' என்று வாயால் சொல்லும்போதே 'வெளியே', 'போ' என்ற படங்களையும் தொட்டுக் காட்ட வேண்டும். பதிலை எதிர்பார்த்து நச்சரிக்கக் கூடாது. பேசக் கற்கும் எந்தக் குழந்தையும் முதல் சொல்லைச் சொல்வதற்கு முன்பு மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதே பொறுமை இங்கும் தேவைப்படுகிறது. இதற்கு வீட்டில் ஒருவரும் பள்ளியில் ஒருவரும் பொறுப்பேற்க முடியாத நிலை இருந்தால், விலையுயர்ந்த செயலியைவிட, எல்லோரும் உண்மையிலேயே பயன்படுத்தப்போகும், படங்களை அச்சிட்ட எளிய பலகை மேலானது.

ஆக, எதைத் தேர்வது? பிறரை நாடிச் செல்லும் பழக்கமே இல்லாத சிறு குழந்தைக்கு, அல்லது திரையைக் கண்டாலே அதன் ஒளியிலும் ஒலியிலும் மூழ்கி, ஒரே பொத்தானை ஓயாமல் தட்டும் குழந்தைக்கு, பெக்ஸின் முதல் இரண்டு கட்டங்களை உடனே தொடங்கலாம். பேசும் செயலியை அதன் அருகிலேயே பெரியவர் பயன்படுத்திக் காட்டிவரலாம். தேவைகளைக் கையைப் பிடித்து இழுத்தாவது தெரிவிக்கும் குழந்தைக்கும், எழுத்துகளில் ஆர்வம் காட்டும் குழந்தைக்கும் செயலியே முதல் தேர்வு. இரண்டில் எதுவாயினும் அச்சிட்ட பலகை ஒன்று உடன் இருக்க வேண்டும், ஏனென்றால் மின்கலம் தீரும், நீச்சல் குளத்துக்கு டேப்லெட் வராது, பழுதான நாளிலும் குழந்தைக்குச் சொல்ல வேண்டியவை இருக்கும். செயலியின் முதல் திரையை அப்படியே அச்சிட்டு நெகிழி உறை போட்டுக்கொண்டால் கட்டங்களின் இடம் மாறாது. படங்கள் மட்டும் தேவையென்றால், ஸ்பெயினின் அரகோன் அரசு நடத்தும் 'அராசாக்' தொகுப்பிலிருந்து ஆயிரக்கணக்கான படங்களை வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தையின் கையையோ தோளையோ ஒருவர் பிடித்துக்கொள்ள, அல்லது எழுத்துப் பலகையை ஒருவர் காற்றில் ஏந்திப் பிடிக்க, குழந்தை எழுத்துகளைச் சுட்டி முழு வாக்கியங்களாக எழுதுவதாகக் காட்டும் முறைகள் உண்டு. கையைப் பிடிக்கும் முறையில், உதவுபவருக்கு ஒரு படத்தையும் குழந்தைக்கு வேறு படத்தையும் காட்டி 1990களில் நடந்த சோதனைகளில், எழுதப்பட்டது உதவுபவர் கண்ட படத்தின் பெயராகவே இருந்தது. உதவுபவர் ஏமாற்றவில்லை, தம் கை வழிநடத்துவதை அவரே அறிந்திருக்கவில்லை. அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் 2018இல் இத்தகைய இரண்டு முறைகளையும் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. தன் விரலால், தன் விருப்பப்படி, யாரும் பிடிக்காமல் குழந்தை தட்டுவதுதான் அதன் சொல். மற்றபடி கிடைக்கும் அழகான வாக்கியங்கள், அது உண்மையில் சொல்ல முயல்வதை மூடிவிடுகின்றன.

அடுத்த தேவை, நாளின் ஒழுங்கு. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் 1970களில் வளர்த்தெடுத்த 'டீச்' முறை, செய்ய வேண்டியவற்றைக் கண்ணால் காணும்படி அமைப்பதை மையமாகக் கொண்டது. படக் கால அட்டவணை இன்று எங்கும் பரவியிருப்பதற்கு அந்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு. இதில் காகிதத்துக்கும் செயலிக்கும் இடையே தேர்வு செய்யச் சொன்னால், சிறு வயதினருக்குக் காகிதம் என்றே சொல்வேன். சுவரில் மேலிருந்து கீழாக ஒட்டிய அட்டைகளில் முடிந்ததை உரித்து எடுத்து 'முடிந்தது' பெட்டியில் போடும் செயலில், ஒன்று தீர்ந்துவிட்டது என்பதைக் கையே உணர்ந்துகொள்கிறது. அட்டவணை எப்போதும் கண்ணில் படுகிறது. திரை அணைந்துபோய் மறைவதில்லை. வளரிளம் வயதை எட்டியவருக்கு நிலைமை மாறுகிறது. வகுப்புத் தோழர்கள் நடுவில் அட்டைக் கோப்பை விரிக்க அவர் கூசலாம். எல்லோர் கையிலும் இருக்கும் கைப்பேசியில் நினைவூட்டலாகவும் பட்டியலாகவும் அதே அட்டவணை இருந்தால் அவரைத் தனித்துக் காட்டாது. நேரம் குறைந்துகொண்டே வருவதை வண்ணப் பரப்பாகக் காட்டும் நேரங்காட்டி இரு வயதினருக்கும் பொருந்தும். 'இன்னும் ஐந்து நிமிடம்' என்ற சொற்கள் தராத தெளிவை அது தருகிறது.

மூன்றாவது தேவையான கற்பித்தலில்தான் செயலிகள் மிகுதி, ஆதாரம் மிகக் குறைவு. வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை, ஆட்டிசத்தில் ஆதாரமுள்ள 28 நடைமுறைகளைப் பட்டியலிட்டது. பேச்சுக்கு மாற்றான தொடர்பு முறைகள், கண்ணுக்குப் புலப்படும் உதவிகள், காணொளி மாதிரி, தொழில்நுட்பத் துணையுடன் கற்பித்தல் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. ஒரு நடைமுறைக்கு ஆதாரம் இருப்பதால், அதன் பெயரைச் சொல்லி விற்கப்படும் ஒவ்வொரு செயலிக்கும் ஆதாரம் இருப்பதாகிவிடாது. சமூகக் கவனத்தை, அதாவது பிற மனிதர்களைக் கவனிக்கும் பழக்கத்தை, வளர்க்க வடிவமைக்கப்பட்ட ஓர் ஐபேட் விளையாட்டை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் முறைப்படி சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. குழந்தைகள் விரும்பி விளையாடினார்கள், பெற்றோரும் வரவேற்றார்கள். ஆனால் மனிதர்களோடு பழகும்போது, அந்த விளையாட்டைப் பெறாத குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. திரையில் கற்றது திரையிலேயே நின்றுவிடும் என்ற அபாயம் ஆட்டிசத்தில் கூடுதல், ஏனெனில் ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வதே பலருக்குக் கடினமான பகுதி.

இதனால்தான் ஆயத்தச் செயலிகளைவிடக் காணொளி மாதிரியை முன்வைக்கிறேன். பல் துலக்குவதையோ, வரிசையில் நின்று முறை வருவதற்குக் காத்திருப்பதையோ, குழந்தை நாள்தோறும் நிற்கும் அதே இடத்தில், அதே பொருள்களுடன், ஓரிரு நிமிடக் காணொளியாக எடுத்து, செய்வதற்குச் சற்று முன்பு காட்டினால் போதும். பெரியவர் தூண்டி உதவும் பகுதிகளைக் காணொளியிலிருந்து நீக்கிவிட்டு, குழந்தையே சரியாகச் செய்தது போலத் தொகுத்துக் காட்டலாம். தன்னையே திரையில் காண்பதில் பலருக்கு ஈடுபாடு உண்டு. எழுத்து, எண், சொல்லறிவு போன்ற தெளிவான விடையுள்ள பாடங்களுக்குப் பயிற்சிச் செயலிகள் பயன்படுகின்றன. அங்கேயும் தவறான விடைக்குப் பெரிய வெடிச்சத்தமோ வேடிக்கை அசைவோ வரும் செயலியைத் தவிர்ப்பது நல்லது. அந்த வேடிக்கைக்காகவே தவறாகத் தட்டும் குழந்தைகள் குறைவில்லை. கையெழுத்தில் தளர்ந்துபோகும் மாணவருக்கு விசைப்பலகையும், வாசிப்பில் தடுமாறுபவருக்கு உரையை வாசித்துக்காட்டும் வசதியும் கைப்பேசியிலேயே இருக்கின்றன, தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இரைச்சல் தாங்காதவருக்கு ஒலியைக் குறைக்கும் காதுறை, இங்கே பேசிய பல கருவிகளைவிட விரைவாக வகுப்பறையைத் தாங்கக்கூடியதாக்கும். அதை நாள் முழுவதும் மாட்டிவைக்காமல், தேவைப்படும்போது தானே கேட்டு வாங்கக் கற்பிப்பது நலம்.

எந்திர மனிதர்கள், மெய்நிகர் உலகைக் காட்டும் மூக்குக் கண்ணாடிகள் பற்றிய செய்திகள் நம்பிக்கை ஊட்டுபவைதாம். 12 குழந்தைகளின் வீடுகளில் ஒரு மாத காலம் ஓர் எந்திரனை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், பிறருடன் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் திறன் மேம்பட்டதாகக் கண்டார்கள். எண்ணிக்கை சிறிது, காலமும் குறுகியது. ஒரு குடும்பம் தன் பணத்தைக் கொண்டு எடுக்கும் முடிவில் இவற்றுக்கு இப்போது இடமில்லை.

ஒரே டேப்லெட்டைக் குரலாகவும் பொழுதுபோக்காகவும் வைத்துக்கொள்ளலாமா என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்: முடிந்தால் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். காணொளி பார்த்தது போதும் என்று வாங்கி வைக்கும்போது, பேசும் வழியையும் சேர்த்தே பிடுங்கிவிடுகிறோம். தண்டனையாகக் கருவியைப் பறிப்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. இரண்டு வாங்க வழியில்லை என்றால், ஒரே செயலியில் திரையைப் பூட்டிவைக்கும் வசதி ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. பழைய கைப்பேசி ஒன்றைக் காணொளிக்கென ஒதுக்கிவிட்டு, டேப்லெட்டைப் பேச்சுக்கென்றே பூட்டிவைக்கலாம்.

முடிவெடுப்பதற்கு முன்பு சோதித்துப் பார்க்கும் காலம் ஒன்று தேவை. பல செயலிகளுக்கு இலவசச் சோதனைக் காலம் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஓரிரு வாரங்கள்தான். பேசும் கருவியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது. சோதனைக் காலத்தில் பெரியவர்களால் அதைக் கையாள முடிகிறதா, கட்டங்களைத் தொடக் குழந்தையின் விரல் ஒத்துழைக்கிறதா, குரல் காதுக்கு இதமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பயன் தெரிவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். தொடங்கும் முன் ஒரு வாரம், யாரும் தூண்டாமல் குழந்தை தானாகத் தெரிவித்தவை எவை, எப்படித் தெரிவித்தது என்பதைக் குறித்து வையுங்கள். அதே குறிப்பை மூன்று மாதங்களுக்குப் பிறகு மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். கேட்டு வாங்கும் சொற்கள் மட்டும் கூடியிருந்தால், மறுப்பதற்கும் கூப்பிடுவதற்கும் கண்டதைச் சொல்வதற்குமான சொற்களைப் பெரியவர்கள் திரையில் காட்டிப் பேசுவதில்லை என்று பொருள் கொள்ளலாம். செயலியை மாற்றும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும். அடுத்த வகுப்புக்கோ வேறு பள்ளிக்கோ குழந்தை மாறும்போது, கட்டங்களின் முழு அமைப்பையும் கோப்பாகச் சேமித்துப் புதிய ஆசிரியரிடம் கொடுப்பதற்கு அந்தச் செயலி இடம் தருகிறதா என்பதையும் வாங்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.